ரோமானிய வெள்ளிக் கோப்பையைப் படிப்பது எப்படி: எடையில் தொடங்கி எலும்புக்கூடு வரை

உயரம் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். நம் வீட்டு காபி டம்ளர் அளவுதான். விளிம்புக்குக் கீழே ரோஜா மாலை சுற்றி ஓடுகிறது. மாலைக்குக் கீழே எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஒன்று கைத்தடி ஊன்றிப் பேசுகிறது, ஒன்று பலகாரத்தை நோக்கிக் கை நீட்டுகிறது. பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளால் கிரேக்க எழுத்துகள். இதில் மது ஊற்றிக் குடித்தார்கள்.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தக் கோப்பையின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, எலும்புக்கூடு என்றால் சாவு, சாவு என்றால் பயம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அது தப்பு என்று புரிய நாளாயிற்று. உருவத்தை மட்டும் பார்த்துவிட்டு அர்த்தம் சொல்ல அவசரப்பட்டதுதான் காரணம். கோப்பை என்பது கையில் எடுத்து, சுற்றிக் காட்டி, நாலு பேரோடு உட்கார்ந்து பயன்படுத்திய பொருள். அதன் எடை, பிடி, ஜோடி, எதிரே இருந்தவர் பார்த்த பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அலங்காரம் பேசத் தொடங்கும். அதற்கு நான் பின்பற்றும் வரிசையை இங்கே தருகிறேன். உருவங்களுக்கு அர்த்தம் தேடுவதை வேண்டுமென்றே பிற்பாதியில் வைத்திருக்கிறேன்.

எந்தக் கோப்பைகள்?

இங்கே பேசப்போவது கி.மு. 1-ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வரையிலான ரோமானிய வெள்ளி. பெரும்பாலும் புதையல்களாகக் கிடைத்தவை. சில பெயர்கள் அடிக்கடி வரும் என்பதால் முதலிலேயே அறிமுகம் செய்துவிடுகிறேன்.

போஸ்கோரியாலே: வெசூவியஸ் எரிமலையின் சரிவில் ஒரு பண்ணை வீடு. கி.பி. 79-இல் எரிமலை வெடித்தபோது, திராட்சை பிழியும் அறையின் தொட்டிக்குள் யாரோ வெள்ளிப் பாத்திரங்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொற்காசுகளையும் ஒளித்து வைத்தார்கள். 1895-இல் அது வெளியே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் இப்போது லூவ்ரில் உள்ளன. எலும்புக்கூட்டுக் கோப்பைகள் அங்கிருந்து வந்தவைதான்.

பொம்பேயியின் மெனாண்டர் வீடு: 1930-இல் நிலவறையில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. துணியில் சுற்றி அடுக்கிய 118 வெள்ளிப் பாத்திரங்கள் அதில் இருந்தன. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பெர்த்துவில்: பிரான்சின் நார்மண்டியில் 1830-இல் ஒரு விவசாயி வயலை உழும்போது கிடைத்தது. மெர்க்குரி தெய்வத்துக்குக் காணிக்கையாக வந்த பொருள்கள். மொத்தம் ஏறக்குறைய 25 கிலோ வெள்ளி.

ஹோபி: டென்மார்க்கின் லோலன் தீவில் 1920-இல் கண்டெடுத்த ஒரு தலைவனின் கல்லறை. இதைக் கடைசியில் பார்ப்போம்.

நேரில் போக முடியாவிட்டாலும் குறையில்லை. லூவ்ர், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இரண்டும் தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஒரே கோப்பையின் நான்கு பக்கப் படங்களாவது இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

படி 1: முதலில் எடை

ரோமானியர்கள் வெள்ளிப் பாத்திரங்களை இரண்டாகப் பிரித்தார்கள்: குடிப்பதற்கான வெள்ளி, உண்பதற்கான வெள்ளி. இரண்டுக்குமே எடைதான் அடிப்படை மதிப்பு. நாம் நகைக்கடையில் கிராம் கணக்கும் செய்கூலியும் தனித்தனியாகக் கேட்பதுபோல, அங்கேயும் வெள்ளியின் எடை ஒன்று, நகாசு வேலையின் விலை இன்னொன்று.

அதனால் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகத்தில் எடையைப் பொறித்திருப்பார்கள். 'பி' வடிவ எழுத்து வந்தால் எடை என்று பொருள், அடுத்து வருவது லிப்ரா கணக்கு. ஒரு லிப்ரா ஏறக்குறைய 327 கிராம். 'எஸ்' வடிவம் அரை லிப்ரா. சிறு கோடு ஒவ்வொன்றும் ஓர் உன்சியா, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 27 கிராம். ஒன்றரை லிப்ராவும் ஓர் உன்சியாவும் என்று எழுதியிருந்தால் 518 கிராம் அளவுக்கு வரும். பல சமயம் அந்த எடை ஒரு கோப்பையுடையதாக இருக்காது, ஜோடிக்குச் சேர்த்து எழுதியதாக இருக்கும். கணக்கு இரண்டு மடங்காக வந்தால் குழம்ப வேண்டாம்.

இந்த எடை அந்தக் காலத்துக்கு எவ்வளவு பெரியது? ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஒரு லிப்ரா வெள்ளியில் 84 டெனாரியஸ் காசுகள் அடித்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு லிப்ரா எடையுள்ள ஒரு ஜோடிக் கோப்பை என்றால் 168 டெனாரியஸ். ஒரு ரோமானியப் படைவீரனின் ஓராண்டுச் சம்பளம் 225. அப்படியானால் செய்கூலி சேர்க்காமலேயே அவனுடைய ஒன்பது மாதச் சம்பளம் மேசையில் நிற்கிறது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் புதையல் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் இதே டெனாரியஸ்தான். அவற்றில் மிகுதியாக வரும் தலைகள் அகஸ்டஸும் திபேரியஸும். அந்த இருவரும் கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பையிலும் வரப்போகிறார்கள்.

படி 2: வடிவத்துக்குப் பெயர் சொல்லுங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பிடி வைத்து, அகலமாக, உருண்ட வயிறோடு இருந்தால் ஸ்கைஃபஸ். பிடிகள் உயர்ந்து வளைந்து, கீழே தண்டும் பாதமும் இருந்தால் காந்தரஸ். இது மதுத் தெய்வமான டயோனிசஸ் கையில் எப்போதும் இருக்கும் வடிவம், ஆகவே வடிவமே ஒரு சின்னம். ஒரே பிடியோடு, உருளையாக இருந்தால் மோடியோலஸ், எலும்புக்கூட்டுக் கோப்பைகள் இந்த வகை.

வடிவமே செய்தியாகிவிடும் அழகான உதாரணம் ஒன்று இருக்கிறது. இத்தாலியில் பிராச்சானோ ஏரிக்கருகே விக்காரெல்லோ என்ற இடத்தில், வெந்நீர் ஊற்று ஒன்றில் காணிக்கையாகப் போட்ட நான்கு வெள்ளிக் கோப்பைகள் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. மனிதர், மிருகம், கொடி எதுவும் அவற்றில் முக்கியமில்லை. தூண்களுக்கு நடுவே வரிசை வரிசையாக ஊர்ப் பெயர்களும் மைல் கணக்கும். ஸ்பெயினின் காதிஸ் முதல் ரோம் வரையிலான சுமார் 1,840 ரோமானிய மைல் வழி முழுவதும் கோப்பையைச் சுற்றி எழுதியிருக்கிறது. கோப்பையின் உருவமோ சாலையோர மைல்கல்லின் உருவம். நீண்ட பயணம் முடிந்து வந்தவர் அந்த மைல்கல்லைத் தண்ணீரில் போட்டு வணங்கியிருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு அந்த நான்கும் மிகவும் பிடித்துப்போகின்றன.

படி 3: எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள்

அம்மன் சிலைக்கு வெள்ளிக் கவசம் சாத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். புடைப்பு வேலை செய்த ரோமானியக் கோப்பைகள் பலவும் உண்மையில் இரண்டு கோப்பைகள். உள்ளே வழவழப்பான ஒரு கிண்ணம், வெளியே உருவங்கள் நிறைந்த ஒரு கவசம். மெல்லிய வெள்ளித் தகட்டை உள்பக்கமிருந்து தட்டி உருவத்தைப் புடைக்க வைப்பார்கள். பிறகு வெளியிலிருந்து சிற்றுளிகளால் முடி, துணி மடிப்பு, விரல் நகம் வரை தெளிய வைப்பார்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ தகட்டுக்குப் பின்னால் அரக்கு வைத்து நகாசு செய்பவரைப் பார்த்திருந்தால், அதே கை வேலைதான்.

வெளிக் கவசத்தின் பின்பக்கம் முழுக்கக் குழியாக இருக்கும். மது அதில் தேங்கும், கழுவவும் முடியாது. அதற்காகத்தான் உள்கிண்ணம். பிடிகளைத் தனியாக வார்த்து, பொடி வைத்து ஊதிப் பற்ற வைத்தார்கள். அதனால்தான் பல கோப்பைகளில் பிடி மட்டும் கழன்று காணாமல் போயிருக்கிறது.

அப்புறம், நிறம். அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது ஒரே சாம்பல் வெள்ளி. ஆனால் பலவற்றில் சில பகுதிகளுக்கு மட்டும் தங்க முலாம் பூசியிருந்தார்கள். ஆடை ஓரம், கொடியின் இலை, மிருகத்தின் பிடரி போன்ற இடங்களில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கித் தேடுங்கள். பெர்த்துவில் பாத்திரங்களில் இது நன்றாகத் தெரியும். 2010-க்குப் பிறகு அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் சில ஆண்டுகள் எடுத்துத் துப்புரவு செய்தபின், பழைய பூச்சுகளுக்கு அடியிலிருந்து பொன்னிறம் மீண்டும் வெளியே வந்தது. எங்கே பொன் பூசினார்களோ அங்கேதான் விருந்தாளியின் கண் முதலில் போகும் என்று கைவினைஞர் நினைத்திருக்கிறார். அதுவும் நமக்கு ஒரு குறிப்பு.

படி 4: கோப்பையை விரித்து வரையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வீட்டில் உள்ள எவர்சில்வர் டம்ளரைச் சுற்றி ஒரு காகிதத்தை ஒட்டுங்கள். பிடிகள் இருக்கும் இடத்தில் இரண்டு கோடு போடுங்கள். இப்போது கோப்பையின் படங்களைப் பார்த்து, எந்த உருவம் எங்கே வருகிறது என்று குச்சி மனிதர்களாக வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. காகிதத்தைப் பிரித்து மேசையில் விரித்தால் முழுக் கதையும் ஒரே நீளத்தில் கிடக்கும்.

இரண்டு பிடிக் கோப்பையில் கதை பெரும்பாலும் பிடியில் உடைந்து இரண்டு காட்சிகளாக நிற்கும். குடிப்பவர் இரு கைகளாலும் தூக்கும்போது ஒரு காட்சி அவரைப் பார்த்திருக்கும், மற்றது எதிரே சாய்ந்திருப்பவரைப் பார்த்திருக்கும். ரோமானிய விருந்தறையில் மூன்று நீள இருக்கைகளில் ஒன்பது பேர் சாய்ந்திருப்பது வழக்கம். ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் பார்வையாளர் இருந்தார்கள்.

போஸ்கோரியாலேயின் அகஸ்டஸ் கோப்பையை இப்படி விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அகஸ்டஸ் நடுவே அமர்ந்து கையில் உலக உருண்டை வைத்திருக்கிறார். வீனஸ் அவருக்கு வெற்றித் தேவதையின் சிறு உருவத்தை நீட்டுகிறாள். எதிர்த்திசையிலிருந்து போர்த் தெய்வமான மார்ஸ், மாகாணங்களைப் பெண் உருவங்களாக அழைத்து வருகிறார். மறு பக்கத்திலும் அகஸ்டஸ்தான் அமர்ந்திருக்கிறார். ஆனால் அங்கே தெய்வம் ஒன்றுமில்லை. தோற்றுப்போன மக்கள் தங்கள் குழந்தைகளை முன்னே தள்ளிக் கொண்டுவந்து மண்டியிடுகிறார்கள், அவர் கை நீட்டுகிறார். ஒரு பக்கம் மேலேயிருந்து வந்த அதிகாரம், மறு பக்கம் அது கீழே இறங்கும் விதம். ஒரு படத்தை மட்டும் பார்த்தவர் 'கருணை மிக்க அரசர்' என்று எழுதிவிடுவார். விரித்துப் பார்த்தவர் அப்படி எழுத மாட்டார்.

படி 5: ஜோடி எங்கே?

ரோமானியக் குடிகோப்பைகளை ஜோடியாகச் செய்வதே வழக்கம். ஆகவே ஒற்றைக் கோப்பையைப் பார்த்தால் பாதி வாக்கியத்தைப் பார்ப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அகஸ்டஸ் கோப்பையின் ஜோடி திபேரியஸ் கோப்பை. அதில் ஒரு பக்கம் கோயில் முன் காளையைப் பலியிடுகிறார்கள். மறு பக்கம் திபேரியஸ் தேரில் வெற்றி உலா வருகிறார், பின்னால் ஓர் அடிமை அவர் தலைக்கு மேலே மகுடத்தைப் பிடித்து நிற்கிறான். திபேரியஸ் அகஸ்டஸின் தத்துப்பிள்ளை, அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர். இரண்டு கோப்பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தகப்பனிடமிருந்து மகனுக்கு ஆட்சி போகும் கதை முழுதாகிறது. இதை ஒரு பண்ணை வீட்டில் வைத்துக் குடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பு. அரசியல் விசுவாசத்தை இப்படியும் மேசையில் வைத்துக் காட்டலாம்.

மெனாண்டர் வீட்டில் ஹெர்க்குலிஸின் சாதனைகள் ஒரு ஜோடிக் கோப்பைகளில் பங்கு பிரிந்து வருகின்றன. எதிரெதிரே இருக்கும் இருவர் கையில் ஆளுக்கு ஒரு பாதிக் கதை. பேச்சு எங்கே தொடங்கும் என்று சொல்ல வேண்டுமா!

படி 6: இப்போது சின்னங்கள்

முதலில் எப்போதும் டயோனிசஸைத் தேடுங்கள். ரோமானியர் பாக்கஸ் என்று சொன்ன மதுத் தெய்வம். அவர் நேரில் வர வேண்டியதில்லை, அவருடைய கூட்டம் வந்தாலே போதும்: ஆட்டுக்கால் அல்லது வால் உள்ள சாட்டிர், வெறியாடும் பெண்கள், தொந்தியும் வழுக்கையுமாகக் கழுதைமேல் சரியும் கிழவர் சைலீனஸ், சிறுத்தை, தாளம், கஞ்சிரா போன்ற தோல்கருவி. நுனியில் பைன் காய் செருகி, கொடி சுற்றிய ஒரு தடியைக் கண்டால் அது தைர்சஸ், அவருடைய அடையாளம். யானையைக் கண்டால் அதையும் இங்கேயே சேர்த்துப் பாருங்கள். டயோனிசஸ் இந்தியாவுக்குப் படையெடுத்து வென்று திரும்பினார் என்பது கிரேக்கர்களின் கதை. அந்த வெற்றி ஊர்வலத்தில் நம் யானைகளும் நடந்து போகும்.

கொடியைக் கவனமாகப் பாருங்கள். ஐந்து விரல் விரித்தது போன்ற பெரிய இலையும் பழக்கொத்தும் என்றால் திராட்சை. இதய வடிவ இலையும் குட்டிக் குட்டி உருண்டைக் காய்களும் என்றால் ஐவி. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேலை வேறு. திராட்சை மதுவைத் தருவது. ஐவியோ குளிர்ச்சியானது, மதுவின் சூட்டைத் தணிக்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள், விருந்தில் தலைக்கு மாலையாகக் கட்டிக்கொண்டார்கள். சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரித்துப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. நெல்லிக்காய் தின்று பித்தம் தணிப்பது போன்ற நினைப்புதான். ஐவி சுற்றிய கோப்பை, 'குடி, ஆனால் நிதானம் இழக்காதே' என்று ஒரே நேரத்தில் இரண்டும் சொல்கிறது.

முகமூடிகளும் நிறைய வரும். டயோனிசஸ் நாடகத்துக்கும் தெய்வம் என்பதால் சிரிக்கும் முகமூடி, அழும் முகமூடி, தாடி வைத்த கிழவர் முகமூடி என்று பலகைமேலோ கொடிக்கு நடுவேயோ கிடக்கும். ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைமில் 1868-இல் படைவீரர்கள் மண் தோண்டும்போது கிடைத்த புதையலில் இதற்கு அருமையான கோப்பைகள் உண்டு. மது குடித்தவன் வேறு ஆளாகிவிடுகிறான், முகமூடி போட்டவனும் அப்படியே.

செடி கொடி மட்டுமே இருந்தால் வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆலிவ் கிளை அமைதிக்கும் அத்தீனாவுக்கும் உரியது. லாரல் இலை அப்பல்லோவுக்கும் வெற்றிக்கும். ஓக் இலை மாலை, சக குடிமகனின் உயிரைக் காப்பாற்றியவருக்கு ரோம் தந்த மரியாதை. சுருள் சுருளாகப் பெருகும் அகாந்தஸ் கொடி, அகஸ்டஸ் காலத்தில் வளமான நாட்டின் படமாகவே ஆகிவிட்டது.

பறவைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானவை போஸ்கோரியாலேயின் நாரைக் கோப்பைகள். கூட்டில் குஞ்சுகள் வாய் பிளந்து நிற்க, பெரிய நாரை இரை ஊட்டுகிறது. வளர்ந்த நாரை வயதான தாய் தகப்பனுக்கு இரை கொடுத்துக் காப்பாற்றும் என்பது அன்றைய நம்பிக்கை. அதனால் பெற்றோரிடமும் தெய்வத்திடமும் காட்டும் கடமையுணர்வுக்கு, ரோமானியர் பெரிதாக மதித்த பியெத்தாஸ் என்ற குணத்துக்கு, நாரை சின்னமாயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் ஆற்றங்கரைக் காட்சி. தெரிந்தவருக்கு அது ஒரு குடும்பத்தின் பெருமை.

சரி, எலும்புக்கூடுகளுக்கு வருவோம். இவை யாரோ செத்தவர்கள் அல்ல, பலவற்றுக்குப் பெயர் இருக்கிறது. சோஃபக்ளிஸ், யூரிபிடிஸ், மெனாண்டர் போன்ற நாடகக் கவிஞர்கள். ஸீனோ, எபிக்கூரஸ் போன்ற தத்துவ ஞானிகள். ஸீனோ கட்டுப்பாட்டைப் போதித்த ஸ்டோயிக் மரபின் தலைவர். எபிக்கூரஸ் இன்பமே வாழ்க்கையின் இலக்கு என்றவர். கோப்பையில் ஸீனோவின் எலும்புக்கூடு விறைப்பாக நின்று விரலை நீட்டிக் கண்டிக்கிறது. எபிக்கூரஸின் எலும்புக்கூடு அதைச் சட்டையே செய்யாமல் சிறு மேசைமேல் உள்ள பலகாரத்தை எடுக்கப் போகிறது. காலடியில் ஒரு பன்றிக்குட்டியும் அதே பலகாரத்தை அண்ணாந்து பார்க்கிறது. பக்கத்தில் 'இன்பமே முடிவான இலக்கு' என்று எழுத்து. வேறோர் இடத்தில் ஒரு கை வண்ணத்துப்பூச்சியைப் பிடித்திருக்கிறது. கிரேக்க மொழியில் ஆன்மாவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரே சொல்தான். 'வாழ்க்கை ஒரு நாடக மேடை', 'உயிரோடு இருக்கும்போதே அனுபவி, நாளை நிச்சயமில்லை' என்ற வாசகங்களும் உண்டு.

நாம் 'நீர்க்குமிழி வாழ்க்கை' என்று சொன்னால் அடுத்த வரி பெரும்பாலும் பற்றை விடு என்று வரும். இந்தக் கோப்பையில் அதே நிலையாமை நேர் எதிர்ப் பக்கம் திரும்புகிறது: ஆகவே இன்னொரு வாய் குடி. முதல் பார்வையில் நான் இதைப் பயம் என்று எடுத்துக்கொண்டது எவ்வளவு தவறு! விருந்து மேசைக்கு வெள்ளியில் செய்த எலும்புக்கூட்டுப் பொம்மையைக் கொண்டுவந்து ஆட்டிக் காட்டும் காட்சி ரோமானிய இலக்கியத்திலேயே இருக்கிறது. மேலே சுற்றியிருக்கும் ரோஜா மாலையை மறந்துவிடாதீர்கள். அன்று விருந்தாளிகள் தலையிலும் அதே பூ இருந்திருக்கும். கோப்பைக்கு வெளியே ரோஜா சூடிய மனிதர், கோப்பைமேல் ரோஜாவுக்கு அடியில் எலும்பு.

படி 7: எழுத்தைத் தேடுங்கள்

எடை எழுத்தை ஏற்கனவே பார்த்தோம். மற்ற எழுத்துகளைப் பிரிப்பது எளிது. உருவத்தின் பக்கத்தில் அழகாகப் புள்ளி குத்தி எழுதியிருந்தால் அந்த உருவத்தின் பெயரோ வாசகமோ. அடிப்பாகத்தில் கீறியது போலவோ புள்ளியாகவோ இருந்தால் பெரும்பாலும் உடைமையாளர். போஸ்கோரியாலேயில் மாக்சிமா என்ற பெண்ணின் பெயர் பல பாத்திரங்களில் வருகிறது. நம் அம்மாக்கள் பாத்திரக்கடையில் பெயர் வெட்டி வாங்குவார்களே, அதே புள்ளி எழுத்து. பெர்த்துவிலில் குவின்டஸ் டொமிட்டியஸ் தூத்தஸ் என்பவர் மெர்க்குரிக்கு நேர்ந்துகொண்டு கொடுத்ததாக ஒன்பது பாத்திரங்களில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு வரி பொருளின் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது: சென்டார் என்ற பாதி மனிதன், பாதி குதிரை உருவங்கள் கொண்ட விருந்து மேசைக் கோப்பைகள், எழுத்து ஏறியபின் கோயில் சொத்து.

படி 8: தேய்மானமும் துலக்கலும்

மூக்கு, முழங்கால், தோள் போன்ற உயர்ந்த இடங்கள் முதலில் தேயும். அந்தத் தேய்மானம் கோப்பை உண்மையிலேயே கைமாறிப் புழங்கியதற்குச் சாட்சி. கி.பி. 79-இல் அதே வெசூவியஸ் வெடிப்பில் இறந்துபோன ரோமானிய எழுத்தாளர் பிளினி, தன் காலத்துப் பணக்காரர்கள் உருவமே தெரியாத அளவுக்குத் தேய்ந்த பழைய வெள்ளியைத்தான் உயர்வாக மதிக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பழைய வெள்ளிமேல் மோகம் என்பது நாம் கண்டுபிடித்ததல்ல.

ஆனால் எல்லாத் தேய்மானமும் பழையதல்ல. அகஸ்டஸ் கோப்பையைக் கண்டெடுத்த பிறகுதான் அது மோசமாகச் சிதைந்தது. 1899-இல் வெளியான புகைப்படங்களில் தெளிவாக இருக்கும் உருவங்கள் இன்று பிய்ந்து போயிருக்கின்றன. அதனால் ஒரு கோப்பையைப் பற்றிப் படிக்கும்போது அதன் மிகப் பழைய புகைப்படத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு சொல். ஹில்டஸ்ஹைம் புதையல் வெளிவந்த சில ஆண்டுகளில் கிறிஸ்டோஃப்ளே போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் மின்முலாம் முறையில் அதன் நகல்களைச் செய்து விற்றன. அவை இன்றும் ஏலங்களில் சுற்றுகின்றன. நகல் என்று தெரிந்து வாங்கினால் நல்ல பொருள்தான், ரோமானியக் கோப்பை என்று நம்பி வாங்கினால் பணம் போனது போனதுதான். எங்கே, எப்போது மண்ணிலிருந்து எடுத்தார்கள் என்று தெரியாத கோப்பையின்மேல் நிபுணர்களுக்கே சண்டை வரும். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1999-இல் 18 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய வாரன் கோப்பைகூட உண்மையா என்று சிலர் கேள்வி எழுப்பினார்கள், அருங்காட்சியகம் உண்மையானது என்றே சொல்கிறது. கண்டெடுத்த இடம் தெரியாவிட்டால் சின்னத்தின் பாதி அர்த்தமும் கூடவே போய்விடுகிறது.

உங்கள் வீட்டிலேயே தாத்தா பாட்டி காலத்து நகாசு வேலை செய்த வெள்ளி இருந்தால், தயவுசெய்து பல்பொடியோ விபூதியோ போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். கறுப்பு என்பது வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகமும் சேர்ந்து உண்டாவது. தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் வருகிறது. பள்ளங்களில் தங்கிய கறுப்புதான் உருவத்துக்கு நிழல் கொடுக்கிறது. மெல்லிய பருத்தித் துணியால் மேலாக ஒற்றி எடுத்தாலே போதும்.

படி 9: யார் கையில் இருந்தது?

நம் பக்கத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடுகிறார். யவனர் கொண்டுவந்த மது, ஆனால் அதை ஏந்தியது பொன்னால் செய்த கலம். மது கடல் தாண்டி வந்தபோது குடிக்கும் முறையும் கூடவே வந்ததா, அல்லது இங்குள்ள மரபுக்குள் அது அடங்கிப்போனதா? கோப்பை கைமாறும் இடமெல்லாம் இதே கேள்விதான்.

ஹோபிக் கோப்பைகளில் அதை நேராகப் பார்க்கலாம். இரண்டும் ஸ்கைஃபஸ், இரண்டிலும் கைரிசோஃபஸ் என்ற கைவினைஞரின் கையொப்பம், ஒன்றில் கிரேக்க எழுத்தில், மற்றதில் லத்தீன் எழுத்தில். ஒரு கோப்பையில் ட்ராய் நகரத்துக் கிழ அரசன் பிரியம், தன் மகனைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலீஸின் முன் மண்டியிட்டு அந்தக் கையையே முத்தமிடுகிறான், மகனின் உடலைக் கேட்டு. மறு கோப்பையில் பாம்பு கடித்த கிரேக்க வீரன் ஃபிலாக்டீட்டிஸின் புண்பட்ட காலைக் கழுவுகிறார்கள். அடியில் சிலியஸ் என்று ஒரு பெயர் கீறியிருக்கிறது. கி.பி. 14 முதல் 21 வரை ரைன் எல்லையில் ரோமானியப் படைக்குத் தலைமை வகித்தவரின் பெயர் காயஸ் சிலியஸ். அவரே இதைப் பரிசாகக் கொடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அக்கிலீஸின் முகத்தில் ரோமானியப் பேரரசரின் சாயல் இருப்பதாகவும் சொல்கிறார்கள்.

இப்போது முதல் படியிலிருந்து திரும்ப வாருங்கள். எடை, வடிவம், வேலைப்பாடு, இரண்டு பக்கம், ஜோடி, கதை, எழுத்து எல்லாம் தெரியும். ரோமில் ஒருவர் இதை எடுத்துக் குடித்தால் அது படித்தவர் மேசையின் ட்ராய் கதை. எல்லைக்கு அப்பால் உள்ள தலைவனிடம் ஒரு தளபதி நீட்டினால், பேரரசரின் சாயலுள்ள ஒருவர் முன் வேற்று நாட்டு அரசன் மண்டியிடும் படம். கொடுத்தவர் அதை எண்ணித்தான் கொடுத்தாரா? வாங்கியவர் அதைக் கண்டுகொண்டாரா? கல்லறையை வைத்துச் சொல்ல முடிவது இவ்வளவுதான்: அந்தத் தலைவனோடு ரோமானிய வெண்கல வாளியும் அகப்பையும் வைத்தார்கள், பன்றி இறைச்சித் துண்டங்கள் வைத்தார்கள், அவனுடைய ஊர் வழக்கப்படி குடிக்கும் கொம்புகளும் வைத்தார்கள். பிரியம் மண்டியிடும் கோப்பையும் அந்தக் கொம்புகளும் ஒரே குழியில் பத்தொன்பது நூற்றாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.